மாசக் கடைசித் தூக்கம்

முதலில் தூங்கினது துளசிமணியின் வீடுதான்.

காளிங்கம்பாளையத்தில் நூல் மில்லுக்குப் பின்பக்கம், ஒரே சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் அடுப்பெரியும் லைன் வீடுகளில், சிக்கனம் என்றால் துளசிமணி என்று பேர் வாங்கியிருந்தாள் அவள். பருப்பு விலை ஏறினபோது பருப்பைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினாள், தக்காளி ஏறினபோது புளிக்கு மாறினாள், புளி ஏறினபோது மோருக்கு மாறினாள், பால் ஏறினபோது மோரையும் விட்டாள், கேஸ் ஏறினபோது உலை கொதித்ததும் அடுப்பை அணைத்துச் சோற்றைப் பழைய கம்பளியில் சுற்றி வைத்து மிச்சத்தை அதன் சூட்டிலேயே வேகவைத்தாள், சோப்பு ஏறினபோது தேய்ந்த வில்லைகளை ஒட்டி ஒட்டி ஒரே வில்லையாக்கினாள், கரண்டு ஏறினபோது ஒற்றை பல்புக்குக் கீழே புருஷனைச் சவரம் பண்ணவும் மகளைப் படிக்கவும் வைத்துத் தானும் அங்கேயே கீரை ஆய்ந்தாள், பஸ் ஏறினபோது நடந்தாள், செருப்பு ஏறினபோது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். இனிமேல் குறைப்பதற்கு வீட்டில் ஒன்றுமில்லை என்று அவள் உட்கார்ந்த அன்றைக்கு வாடகை ஏறியது.

அந்த மாசக் கடைசியில் அரிசி தீர்ந்தது. அந்தப் பக்கத்துப் பெண்கள் அரிசி இல்லை என்று வாயால் சொல்லமாட்டார்கள், சொன்னால் லட்சுமி கோபித்துக்கொள்வாள் என்று, டப்பா காலியானால் "அரிசி நெறஞ்சிருக்குது" என்றுதான் சொல்வார்கள். துளசிமணியும் அதையேதான் சொன்னாள். பக்கத்து வீட்டில் கைமாத்துக் கேட்க அவள் மானம் இடம் கொடுக்கவில்லை. டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள், புருஷன் நாட்ராயனையும் மகள் சஞ்சனாவையும் பார்த்து, "படுங்க, படுத்தா பசி தெரியாது" என்றாள், தானும் படுத்தாள். அடுத்து அவர்கள் கண்விழித்தது ஒண்ணாம் தேதி, சம்பள நாள், மில் சங்கு ஊதினபோதுதான்.

யாருக்கும் பசிக்கவில்லை. நாட்ராயனுக்குத் தாடி வளரவில்லை. சஞ்சனா கையில் வைத்த மருதாணி அப்படியே சிவப்பாக இருந்தது. "ஒரு வாரம் வேலைக்குப் போகலையே, சம்பளம் புடிப்பாங்களே" என்று நாட்ராயன் தலையில் கைவைத்தான். "புடிச்சாப் புடிக்கட்டும், ஒரு வாரம் அடுப்பும் பத்தலையே" என்றாள் துளசிமணி. அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட. ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வரலாமா என்று அவன் கேட்டான். "தூங்கி எந்திரிச்சதுக்கெல்லாம் எவன் டாக்டருக்கு அழுவுறது" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணிக்குப் போனாள். அத்தோடு அந்த ஆச்சரியம் முடிந்தது.

அடுத்த மாசம் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியக்கா வீடு தூங்கியது, அதற்கடுத்த மாசம் லைன் மொத்தமும் தூங்கியது. அரிசி தீர்கிற அன்றைக்குக் கண் சொக்கும், சங்கு ஊதினால் திறக்கும், அவ்வளவுதான். ஊர் அதற்கேற்ற மாதிரி ஒழுங்குபட்டுக்கொண்டது. பால்காரர் இருபத்தஞ்சாம் தேதிக்கு மேல் அந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்புவதில்லை. மாகாளியாத்தா கோயில் பூச்சாட்டுத் திருவிழாவை மாசத்தின் முதல் வாரத்துக்கு மாற்றினார்கள், ஆத்தாளும் வாக்குக் கொடுத்தாள். பெண் பார்க்க வருகிறவர்கள் "பையன் என்ன வேலை" என்று கேட்பதை விட்டுவிட்டு "அவுங்கூட்டுல எத்தனாந்தேதி வரைக்கும் முழிச்சிருப்பாங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள், இருபத்தெட்டு வரைக்கும் முழித்திருக்கிற குடும்பம் என்றால் சம்பந்திகள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். யாரோ ஒரு அதிகாரி மாலை போட்ட ஜீப்பில் வந்து, நாட்டுக்கே முன்மாதிரியான சிக்கனக் குடியிருப்பு என்று பேசிவிட்டு, ஒரு கேடயத்தை லைன் வாசலில் மாட்டிவிட்டுப் போனார். தினசரியில் படம் வந்தது. விலை குறைய ஏதாவது பண்ணுங்கள் என்று கேட்க நினைத்திருந்தவர்களும் கேடயத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள், முன்மாதிரி என்று சொன்ன பிறகு எப்படிக் கேட்பது.

ஒருவர் மட்டும் சும்மா இருக்கவில்லை. அவிநாசியப்பன் என்று ஒரு கான்ட்ராக்டர், மில்லுக்கு ஆள் விடுகிறவரும் அவர்தான், லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரரும் அவர்தான், சம்பளத்தை இந்தக் கையால் கொடுத்து வாடகையை அந்தக் கையால் வாங்கிக்கொள்கிறவர். கடைசி வாரம் ஆள் வருவதில்லை என்றதும் மூஞ்சியைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு லைனுக்கு வந்தார். நேராகத் துளசிமணி வீட்டு வாசலில்தான் வந்து நின்றார். "என்ன புள்ள, ஏதாச்சும் கஷ்டமா? சம்பளம் பத்தலையா?" என்று கேட்டார்.

கேட்டாரே, அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பத்தலைங்க என்று ஒரு வார்த்தை. ஆனால் அரிசி இல்லை என்பதையே நெறஞ்சிருக்குது என்று சொல்லிப் பழகின வாய் அது. சுற்றிலும் லைன் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள், சிக்கனத்துக்குப் பேர்போனவள் என்ற பட்டம் தலையில் இருந்தது, துளசிமணி நிமிர்ந்து நின்று, "ஒரு கொறையும் இல்லீங். மாசக் கடைசியில தூங்கிக்கறமுங்க. செலவும் இல்லை, பசியும் இல்லை. நெம்ப சௌரியமா இருக்குதுங்க" என்றாள். பெண்கள் எல்லோரும் ஆமாங்க ஆமாங்க என்றார்கள்.

அவிநாசியப்பன் மூஞ்சி மெதுவாக மலர்ந்தது. "உன்ற மாதிரி பொம்பளை ஊட்டுக்கு ஒருத்தி இருந்தா நாடு உருப்பட்டுரும் அம்மிணி" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கெல்லாம் துளசிமணிக்குக் கால் தரையில் படவில்லை.

அடுத்த மாசம் சம்பளத்தைக் குறைத்தார். தூங்குகிறவர்களுக்குச் செலவில்லையே, அப்புறம் எதற்கு அவ்வளவு என்றார். குறைந்த சம்பளத்துக்குக் குறைந்த அரிசி வந்தது, அரிசி குறைந்ததால் தூக்கம் இருபதாம் தேதியே வந்தது, இருபதுக்கு மேல் வேலைக்கு வருவதில்லையே என்று இன்னும் குறைத்தார், எண்ணெய் ஏறியது, பருப்பு இன்னொரு தடவை ஏறியது, தூக்கம் பதினெட்டுக்கு வந்தது, பதினாறுக்கு வந்தது. வாடகை மட்டும் முழு மாசத்துக்கும் வாங்கினார், தூங்குவதும் வீட்டில்தானே என்று. பதினஞ்சாம் தேதியோடு தூக்கம் நின்றது, அதற்குமேல் முன்னால் வரவில்லை. இந்த மட்டுமாவது விட்டாளே மாகாளியாத்தா என்று துளசிமணி விளக்குப் போட்டாள். ஆத்தா எங்கே விட்டாள். அந்தப் பாவி அளந்து நிறுத்தியிருந்தான். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பாதி மாசம்தான் வாழ்கிறோம், செலவும் பாதியாக வேண்டாமா? ஆகவில்லை. கேஸ் எப்போதும்போலவே தீர்ந்தது. ஒண்ணாம் தேதி எழுந்து பார்த்தால் சோப்பு இளைத்திருந்தது. உப்பு ஜாடி அடுப்புக்கு இந்தப்பக்கம் வைத்தது அந்தப்பக்கம் போயிருந்தது. கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது, அந்த அகலத்துக்குத் துளசிமணி பொட்டு வைப்பதே இல்லை. அவள் யோசித்து யோசித்து, பாப்பாத்தியக்காதான் முன்னாடியே விழித்துக்கொண்டு வந்து புழங்குகிறாள் என்று முடிவுகட்டினாள். பைப்படியில் வைத்து நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏனக்கா, உங்கூட்டுக் கேஸ் தீந்துருச்சுன்னா எங்கூட்டு அடுப்புதான் கெடைச்சுதா?"

"அடி இவளே, என்ற ஊட்டுத் தேங்கெண்ணெயத் தேச்சுத் தலைசீவுனவ நீதானா?" என்றாள் பாப்பாத்தியக்கா.

குடம் உருண்டது, பேச்சு முறிந்தது. லைன் முழுக்க இதே சண்டைதான். ஒவ்வொருத்தியும் பக்கத்துச் சுவரைச் சந்தேகப்பட்டாள், கதவுக்கு ஆளுக்கொரு பூட்டு வாங்கிச் செலவை இழுத்துக்கொண்டார்கள். அவிநாசியப்பன்தான் பூட்டையும் மொத்த விலையில் வாங்கிக் கொடுத்தார்.

இதையெல்லாம்கூடத் துளசிமணி பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாமல் போனது சஞ்சனா விஷயம்தான். பிள்ளை நன்றாகப் படிக்கிறவள். ஆனால் பாதி மாசம் தூங்கினால் பாடம் காத்திருக்குமா? கூடப் படித்தவர்கள் கிடுகிடுவென்று வளர்ந்து தாவணி வயசைத் தாண்டினார்கள், இவள் பாதி வளர்த்தியில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். காலாண்டுப் பரீட்சையைத் தூங்கிக் கழித்தாள், அரையாண்டையும் தூங்கிக் கழித்தாள். விட்டுப்போன பாடத்தை முழித்திருக்கிற நாளில் அள்ளி அள்ளிப் படித்தாள். பத்தாம் வகுப்புப் பொதுப் பரீட்சைக்குத் தேதி வந்தது. எல்லாப் பரீட்சையும் மார்ச் மாசம் பதினஞ்சுக்கு மேல்.

டீச்சர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். "இதையும் தூங்கிட்டாள்னா அவ்வளவுதான்மா. இவ பாஸாகிற புள்ளை. எப்படியாவது முழிச்சிருக்க வைங்க." அவிநாசியப்பனும் சம்பளம் கொடுக்கும்போது ஒரு வார்த்தை போட்டார், "பரீட்சையெல்லாம் எதுக்கு, ஏப்ரல்ல இருந்து மில்லுக்கு விட்டுரு, பாதி மாசச் சம்பளம் நானே போட்டுத்தர்றேன்." சஞ்சனா அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் மில்லுக்குப் போகமாட்டேன். என்ற பாதி வயசு ஏற்கெனவே போயிருச்சு, மிச்சத்தையாச்சும் குடுங்கம்மா" என்றாள். சிக்கனம் சிக்கனம் என்று தான் மிச்சம் பிடித்ததெல்லாம் இந்தப் பிள்ளையின் நாட்களைத்தான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மிச்சம் பிடித்ததாவது கையில் இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் மானத்தை மடித்து வைத்துவிட்டு வீடு வீடாகப் போனாள். முதல் கதவு, பேச்சு முறிந்த பாப்பாத்தியக்கா கதவு. "அக்கா, அரிசி இல்லை" என்றாள். அந்த வார்த்தையை அந்த லைனில் அதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை, பாப்பாத்தியக்கா அரண்டுபோய்க் காதைப் பொத்தப் போனவள் துளசிமணியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினாள். "பரீட்சைக்கா?" என்று கேட்டாள். உள்ளே போய் ஒரு பிடி அரிசி கொண்டுவந்து மடியில் போட்டாள், நின்று யோசித்து இன்னொரு பிடியும் போட்டாள். வீட்டுக்கு ஒரு பிடி சேர்ந்தது. ஒரு பிடி கொடுத்தால் ஒரு வேளை முன்னாடியே தூங்கவேண்டும், தெரிந்தேதான் கொடுத்தார்கள். பதினாலாம் தேதி மத்தியானத்திலேயே லைன் ஒவ்வொரு வீடாகச் சாய்ந்தது. நாட்ராயன் மகளின் தலையைத் தடவிவிட்டு, "நல்லா எழுது சாமி" என்று சொல்லிப் படுத்தான். தாயும் மகளும் கஞ்சி குடித்து முழித்திருந்தார்கள்.

பதினாறாம் தேதி விடிகிற நேரம், வாசலில் மினி லாரி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. சாவி போட்டுக் கதவைத் திறந்துகொண்டு இரண்டு ஆட்கள் உள்ளே வந்தார்கள், லைன்காரர்கள் வாங்கின பூட்டுக்கெல்லாம் அவிநாசியப்பனிடம் மறுசாவி இருந்திருக்கிறது. வந்தவர்கள் நாட்ராயனைத் தலைமாட்டில் ஒருவன் கால்மாட்டில் ஒருவன் பிடித்துத் தூக்கின பிறகுதான் அடுப்போரம் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார்கள். பயந்துபோய் ஒருவன் வெளியே பார்த்துக் கத்தினான். "அண்ணா, இங்க ரெண்டு உருப்படி முழிச்சிருக்குதுங்."

அவிநாசியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். "ஏம்புள்ள, இன்னுமா தூங்கலை நீயி?"

"என்ற ஊட்டுக்காரரை எங்கீங் தூக்கிட்டுப் போறீங்க?"

"எங்க போறேன், குடோனுக்குத்தான். பஞ்சு மூட்டை மேல மெத்துன்னு படுத்திருப்பான். முப்பதாந்தேதி பொழுதோட கொண்டாந்து இங்கயே போட்டுருவோம். குடோனுக்கு நான் தனியா வாடகைகூட வாங்கறதில்லை."

"எங்கூட்டுக்கு முழு மாச வாடகை வாங்கறீங்களே."

"தூங்கறவனுக்கு எதுக்கு ஊடு அம்மிணி? குடோன் பத்தாதா? நீதான சொன்ன, ஒரு கொறையும் இல்லைன்னு."

அதற்குள் தெருவில் ஜனம் வருகிற சத்தம் கேட்டது. பையும் பாயுமாக ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் குடோன் பக்கமிருந்து நடந்து வந்து, ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தன் வீட்டுக்குள் நுழைகிறமாதிரி நுழைந்தார்கள். துளசிமணி வீட்டுக்குள் ஒருத்தி வந்தாள். பேர் வேடியம்மா, தர்மபுரிப் பக்கம். செருப்பை மூலையில் விட்டாள், இருட்டில் பார்க்காமலேயே கையை நீட்டி அலமாரியில் துளசிமணி வைக்கிற இடத்திலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள். நெற்றியில் அகலமான ஸ்டிக்கர் பொட்டு.

"நீதானா" என்றாள் துளசிமணி. "என்ற கேஸைத் தீத்தவ நீதானா?"

வேடியம்மா அசரவில்லை. "உன் கேஸா? போன தடவ புதுசா மாட்டுனது என் காசு. என் சோப்புல பாதி எங்க போச்சுன்னு நான் ஒரு வருசமா மண்டையப் பிச்சிக்கினு இருக்கேன். எம்புருசன் திருடிக் குடிக்கிறான்னு அவனோட பேச்சே இல்ல."

"வாடகை யாருக்குக் குடுக்கறே?"

"அவருக்குத்தான். முழு மாசத்துக்கும்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி அவிநாசியப்பனைப் பார்த்தார்கள். வேடியம்மா ஆட்களுக்குச் சம்பள நாள் பதினாறு, அவர்கள் முதல் பாதியில் தூங்கும்போது லைன்காரர்கள் மில்லில் நூற்றார்கள், லைன்காரர்கள் இரண்டாம் பாதியில் தூங்கும்போது அவர்கள் நூற்றார்கள், ஒரே வீட்டுக்கு இரண்டு வாடகை, ஒரு ஆள் வேலைக்கு இரண்டு அரைச் சம்பளம், அந்த அரையிலும் கால்வாசி பிடித்தம். மில் ஒருநாள்கூட நிற்கவில்லை. கேடயம் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை. "யாருக்கு என்ன நட்டம்? நீங்க தூங்கற நேரம் ஊடு சும்மாதான கெடக்குது. இந்தா பாரு துளசிமணி, இந்தப் பாதியில உனக்கு இங்க எடம் கெடையாது. மருவாதியாப் படுத்துத் தூங்கு. எவளாச்சும் இவளுக்குச் சோறு போட்டா அவளுக்கும் ஊடு கெடையாது." சொல்லிவிட்டு லாரியில் ஏறினார். இரண்டு நாள் பட்டினியில் தானாக விழுந்துவிடுவாள், அப்போது தூக்கிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

லாரி போன பிறகு வேடியம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். கையில் புத்தகத்தோடு நின்ற சஞ்சனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பரீட்சையா பாப்பா?" என்று கேட்டாள். "எம்பொண்ணுக்கு எட்டாவதுல ஸ்காலர்சிப் பரீட்சை ஒண்ணு வந்துச்சு. மாசத்துல மொத வாரம். தூங்கிட்டா. இப்ப மில்லுல நூல் கோன் ஏத்திக்கினு இருக்கா. எழுதியிருந்தா பாஸாகியிருப்பாளா தெரியாது. எழுதவே இல்லியே." சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைத் துடைத்துக்கொண்டே இரண்டு டம்ளர் அரிசி கூடப் போட்டாள்.

அப்புறம் சோறு சுவருக்கு மேலாக வந்தது. லைன் வீடுகளில் நடுச்சுவர் கூரையைத் தொடுவதில்லை, ஆள் உயரத்துக்கு மேல் சந்து இருக்கும். ஒரு வீட்டிலிருந்து ரசம், ஒரு வீட்டிலிருந்து களி, ஒரு வீட்டிலிருந்து பேருக்கு ஒரு கரண்டி தயிர், பரீட்சைக்குப் போகிற பிள்ளை என்று. யார் கொடுத்தது என்று கேட்டால் தெரியாது என்பார்கள். சஞ்சனா தமிழ் எழுதினாள், இங்கிலீஷ் எழுதினாள், சயின்ஸ் எழுதினாள், சோஷியல் எழுதினாள். துளசிமணி எதையும் தொடவில்லை, வந்ததையெல்லாம் மகள் தட்டிலேயே போட்டாள். சாப்பிடாதவள் தூங்கவேண்டும், அதுதானே அந்த ஊர் வழக்கம். அவளுக்குத் தூக்கம் வரவில்லை. வயிற்றுக்குள் பசி இருக்கவேண்டிய இடத்தில் வேறொன்று உட்கார்ந்திருந்தது. அது கோபம். மோரை விட்ட நாளிலிருந்து, செருப்பைக் கையில் எடுத்த நாளிலிருந்து, ஒரு கொறையும் இல்லீங் என்று சொன்ன நாளிலிருந்து ஒவ்வொன்றாக விழுங்கினது எல்லாம் மேலே வந்துகொண்டிருந்தது.

விஷயம் அவிநாசியப்பனுக்கு எட்டியது. யார் என்று தெரியாததால் அவர் எல்லோருக்கும் சேர்த்து, சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாக வாராவாரம் தருகிற செலவுக்காசை அந்த வாரம் நிறுத்தினார். கணக்குப் பரீட்சை, அதுதான் கடைசி. அன்று காலையில் லைனில் ஒரு அடுப்பும் எரியவில்லை. சுவருக்கு மேல் ஒன்றும் வரவில்லை. வேடியம்மா அரிசி முறத்தை மடியில் வைத்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கிப் போயிருந்தாள். யூனிபாரம் போட்டு, ஸ்கேலும் காம்பஸும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த சஞ்சனாவுக்கும் தலை ஆடியது. "அம்மா, கண்ணு சொக்குதும்மா" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

துளசிமணி மகளைப் பிடித்து எழுப்பினாள். நடக்க நடக்கக் கிள்ளினாள், மூஞ்சியில் தண்ணீர் அடித்தாள், கிள்ளின இடத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இழுத்துப்போனாள். பள்ளிக்கூடத்துக்குத் திரும்புகிற முக்கில் திரும்பாமல் நேரே நடந்தாள். அவிநாசியப்பன் வீடு ரோட்டோரத்திலேயே இருந்தது, மூன்று மாடி, முன்னால் பளபளவென்று கருங்கல். கேட்டைத் திறந்து, ஹாலைக் கடந்து, சமையலறைக்கே போனாள். அவிநாசியப்பன் சம்சாரம் சாந்தாமணி இட்லிக் கொப்பரையைத் திறந்துகொண்டிருந்தவள், தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள்.

"யாரு நீ?"

"உங்கூட்டுக்கு ரெண்டாவது பாதிக்குக் குடிவந்திருக்கறவ" என்று சொல்லிவிட்டுத் துளசிமணி தட்டை எடுத்தாள். சுடச்சுட இட்லியை வைத்தாள், சட்னியை ஊற்றினாள், மேலே எண்ணெயும் தாராளமாக விட்டாள், பிட்டு மகள் வாயில் வைத்தாள். முதல் வாயை மெல்லத் தெரியாமல் வைத்திருந்தது பிள்ளை. இரண்டாவது வாய்க்குத் தாடை அசைந்தது. நாலாவது வாய்க்குக் கண் திறந்தது. "காரமா இருக்குதும்மா" என்றாள். துளசிமணி அழுதாள், அழுதுகொண்டே இன்னும் ஊட்டினாள். டம்ளரில் பாலும் கொடுத்து, வாயைத் துடைத்து, "ஓடு, நேரமாச்சு" என்று அனுப்பினாள்.

சத்தம் கேட்டு அவிநாசியப்பன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "திருட்டு நாயே, போலீசைக் கூப்புடறேன் இரு."

"கூப்புடுங்க. வந்தாங்கன்னா குடோனையும் ஒருவாட்டி தெறந்து காட்டிப்போடலாம்."

அவர் செல்லை எடுத்தார், கையிலேயே வைத்திருந்தார், மறுபடி பைக்குள் போட்டார். அவருக்கு வேறு ஒரு யோசனை வந்தது. இவள் எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று அவருக்குத் தெரியும். எப்படியும் சாய்வாள். மினி லாரியை வாசலுக்கு வரச்சொன்னார், தூக்குகிற ஆட்களைக் கேட்டருகில் நிறுத்தினார், அவளுக்கு எதிரே சோபாவில் உட்கார்ந்துகொண்டார். துளசிமணி ஹாலின் நடுவில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவரையே பார்த்தாள்.

வெயில் ஏறியது. பேன் சுற்றியது. அவள் கண் இமைக்கவில்லை. அங்கே பரீட்சை மணி அடித்திருக்கும், பிள்ளை முதல் கேள்வியைப் படித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள், அவர் கண்ணைவிட்டுத் தன் கண்ணை எடுக்காமலேயே. அவருக்குத்தான் உட்கார முடியவில்லை. காலை மாற்றிப் போட்டார். "தூங்கித் தொலை புள்ள" என்றார். "வரமாட்டேங்குதுங்" என்றாள் அவள், மரியாதையாகத்தான். அவர் கொட்டாவி விட்டார். இன்னொன்று விட்டார். வயிறு நிறையச் சாப்பிட்ட மனுஷர், பேன் காற்று, எத்தனை நேரம்தான் தாங்கும். தாடை நெஞ்சில் விழுந்தது, குறட்டை வந்தது, மடியிலிருந்த சாவிக்கொத்து நழுவித் தரையில் விழுந்தது.

துளசிமணி எழுந்து சாவியை எடுத்தாள். சமையலறைக்குப் போய், "அம்மிணி, பெரிய அண்டா எங்க இருக்குதுங்?" என்று கேட்டாள். சாந்தாமணி அவளைப் பார்த்தாள், ஹாலில் குறட்டை விடுகிற புருஷனைப் பார்த்தாள், பரணைக் கைகாட்டினாள். மூட்டை அரிசியைப் பிரித்து, அளக்காமல் கொட்டி உலை வைத்தாள் துளசிமணி. அளக்காமல் அரிசி போட்டது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

சோறு பொங்கி வரும்போது சஞ்சனா வந்தாள். கையெல்லாம் மை, முகம் வேர்த்திருந்தது, உத்தரவுக்காகக் கேட்டருகில் காத்து நின்ற ஆட்களைத் தாண்டி நேரே உள்ளே வந்தாள்.

"எப்பிடி எழுதுன கண்ணு?"

"எல்லாத்துக்கும் எழுதிட்டேன். கடைசிக் கணக்கு மட்டும் சந்தேகம்." சோபாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "இவரு ஏம்மா தூங்குறாரு?"

"சாப்பிட்ட தூக்கம்." ஒரு தூக்குப்போசியில் சூடாகக் கஞ்சித்தண்ணி ஊற்றி, சாவிக்கொத்தோடு மகள் கையில் கொடுத்தாள். "குடோனைத் தெற. அப்பனுக்கு மொதல்ல ரெண்டு வாய் ஊத்து, எந்திரிச்சுக்குவாரு. அப்புறம் ஒவ்வொருத்தருக்கா ஊத்து. லைனுக்குப் போயி வேடியம்மாளுக்கும் அவுங்க ஆளுங்களுக்கும் ஊத்து. ரெண்டு பாதியும் வரோணும், ஒருத்தரையும் விட்டுறாத. எல்லாரையும் இங்க கூட்டிட்டு வா."

சஞ்சனா வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். "அத்தனை பேரும் இங்கயா? எடம் பத்துமாம்மா?"

துளசிமணி ஹாலையும் மாடிப்படியையும் ஒருமுறை பார்த்தாள். "பத்தும் கண்ணு. இத்தாம் பெரிய ஊட்டுல ஒரே ஒரு குடும்பந்தான் இருக்குது."